அலைச்சார்பைக் குலைப்பது பார்ப்பவரின் மனமா?

"துகள்களை இரண்டு பிளவுகள் வழியே அனுப்பும் இரட்டைப் பிளவுச் சோதனையில் யாராவது பார்த்தால், அலைகள் கலப்பதால் உண்டாகும் குறுக்கீட்டு வரிகள் மறைந்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் அலைச்சார்பை (துகளின் நிலையை விவரிக்கும் கணிதக் கோவை) குலைப்பதில் மனித உணர்வுக்குப் பங்குண்டா?" என்பது கேள்வி.

தேவையில்லை. குழப்பமே "பார்த்தல்" என்ற சொல்லால் வந்தது.

2004-ல் வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளை வெற்றிடத்தில் 3 கீற்றணிகள் (நுண்பிளவுகள் வரிசையாக அமைந்த தடுப்புகள்) வழியே பறக்கவிட்டார்கள். வழியில் லேசரால் சூடேற்றினார்கள். சுமார் 1000 கெல்வினுக்குக் கீழே வரிகள் தெளிவாகத் தெரிந்தன. சூடு ஏற ஏற மங்கி, 3000 கெல்வினை ஒட்டி மறைந்தே போயின. பாதையை யாரும் கண்காணிக்கவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பு ஒளிர்வதுபோல மூலக்கூறும் பறக்கும்போதே ஒளித்துகள்களை உமிழ்கிறது. அவற்றின் அலைநீளம் பாதைகளின் இடைவெளியளவுக்குக் குறையும்போது, மூலக்கூறு எந்தப் பாதையில் போனது என்ற தகவல் வெளியே கசிகிறது. அதை யாரும் படிக்காவிட்டாலும் குறுக்கீடு போச்சு! இதுதான் டிகோஹெரன்ஸ். மறைவது படிப்படியாக நடப்பதையும் கவனியுங்கள்: பார்த்தாரா இல்லையா என்ற கணக்கில் இது அடங்காது.

ஆனால் இத்தோடு தத்துவச் சிக்கல் தீர்ந்தது என்பவர்கள் அவசரப்படுகிறார்கள். துகளின் நிலையை எண்களின் அட்டவணையாக எழுதும் அடர்த்தி அணியில், மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள, குறுக்கீட்டைக் குறிக்கும் உறுப்புகள்தான் பூஜ்யத்தை நெருங்குகின்றன. மூலைவிட்டத்தில் ஒவ்வொரு பாதைக்குமான நிகழ்தகவுகள், "இடது ½, வலது ½" இரண்டும் அப்படியே நிற்கின்றன. நமக்குக் கிடைப்பது ஏன் ஒன்றே ஒன்று? இரண்டுமே நடக்கின்றன என்றார் இயற்பியலாளர் எவரெட் (1957). துகளுக்கு எப்போதும் ஒரே பாதைதான், அலை அதை வழிநடத்துகிறது என்றார் இன்னொரு இயற்பியலாளர் போம் (1952). ஃபுல்லரீன் சோதனைக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன.