விசாரணைக் கைதியின் தனிமை – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நியூயார்க்கைச் சேர்ந்த கலீஃப் பிரவுடரைப் பற்றி அண்மையில் படித்தேன். ஒரு முதுகுப்பையைப் பறித்ததாக 2010இல், 16 வயதில் கைதாகி, விசாரணையே நடக்காமல் மூன்று ஆண்டுகள் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கிடந்தவர். வழக்கு கைவிடப்பட்டு 2013இல் வீடு திரும்பிய அவர், 2015 ஜூனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறையைத் தாங்கியவர் வெளியே வந்தபின் உடைந்தது ஏன்? குற்றம் செய்யவில்லை என்ற உறுதி அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சிறையைத் தாங்கினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைத் தனிக்கொட்டடியில் கழித்த அவர், அங்கேயே பலமுறை தற்கொலைக்கு முயன்றார். ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்துவைப்பதைத் தனிமைச் சிறை என்று வரையறுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் மண்டேலா விதிகள், அது தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டக் கூடாது என்கின்றன. நியூயார்க் நகரச் சிறைகளைப் பற்றி 2014இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்றின்படி, தனிக்கொட்டடியில் வைக்கப்பட்டவர்கள் உள்ளே வந்தவர்களில் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் கைதிகள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகளில் 53.3 விழுக்காடு அவர்களிடையேதான் நடந்தது. ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களைத்தானே அங்கே அனுப்பியிருப்பார்கள் என்ற ஐயம் எழலாம். மனநோயைத் தனியே கணக்கிட்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. 18 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. தண்டனை பெற்றவருக்கு, அது எவ்வளவு நீண்டதானாலும், கழித்துக்கொண்டே வர ஓர் எண்ணிக்கை இருக்கிறது. விசாரணைக் கைதிக்கு அதுவும் இல்லை. அரசுத் தரப்பு தயாராக இல்லை என்று வாய்தா கேட்கும்; ஒரு வாரம் கேட்டால், வழக்குகளின் நெரிசல் மிகுந்த, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி நீதிமன்றத்தில் அது பல வாரங்களாக நீளும். ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடு கிளம்பி அதே கொட்டடிக்குத் திரும்புகிற ஒருவரின் மனம், நம்புவதையே ஆபத்தாகக் கருதத் தொடங்கிவிடும் என்று நினைக்கிறேன். 2013இன் தொடக்கத்தில், சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று நீதிபதி கூறியபோது, பிரவுடர் மறுத்துவிட்டுச் சிறைக்குத் திரும்பினார். குற்றமற்றவர் என்ற உறுதி அவரைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்தது உண்மை. அந்த உறுதியே அவரது சிறைவாசத்தை நீட்டித்தது என்பதும் உண்மை. பொய்யாக ஒப்புக்கொள்பவரை உடனே விடுவித்து, மறுப்பவரைக் காக்க வைக்கும் ஏற்பாட்டை நீதிமுறை என்று ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெளியே வந்தபின் அவர் கல்லூரியில் சேர்ந்தார், நன்றாகப் படித்தார். ஆனால் தன் அறையில் சிறையில் நடந்தது போலவே முன்னும் பின்னுமாக நடந்தார். தன்னைக் கண்காணிக்கிறது என்று அஞ்சித் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி எறிந்தார். மனநல மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். தாக்குதலை எதிர்பார்த்தே இரண்டு ஆண்டுகள் விழித்திருந்த மனத்துக்கு, கதவு திறந்த நாளில் அந்த விழிப்பை நிறுத்தத் தெரிவதில்லை. அதனால்தான் விடுதலைக்குப் பிந்தைய காலத்தை வைத்து அவரது மனவலிமையை அளப்பது அநீதி என்கிறேன். அவருடைய கதை வெளிவந்தபின், 2014இன் இறுதியில், 16, 17 வயதினரைத் தனிக்கொட்டடியில் அடைப்பதை ரைக்கர்ஸ் நிறுத்தியது. 2019இல் நகர நிர்வாகம் அவரது குடும்பத்துக்கு 33 லட்சம் டாலர் வழங்க இசைந்தது. அதற்கு முன்பே, 2016இல், அவருடைய தாய் காலமாகியிருந்தார்.