இனிமேல் சேருகிறவர்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நெல்லை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் ஐந்து வருஷமாகப் பதிலியாக, அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் கூப்பிடுகிற மாற்று ஆளாக, இருக்கிறேன். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை, நூற்கிற மெஷினைப் பார்த்து அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. வாரத்துக்கு மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் கூப்பிடுவார்கள். எனக்கு நாள் கூலி 420 ரூபாய். பக்கத்து மெஷினைப் பார்க்கிற பெரியவருக்கு 790. நூல் ஒன்றுதான், டார்கெட்டும் ஒன்றுதான். சங்கத்துக்கு இருவரும் மாதம் 50 ரூபாய் சந்தா கட்டுகிறோம். கேட்டால், "அது பழைய 12(3) ஒப்பந்தம்லே, நீ அதுக்குப் பொறவு வந்தவன்" என்கிறார்கள். 12(3) என்றால் சமரச அதிகாரி முன்னால் நிர்வாகமும் சங்கமும் போட்ட ஒப்பந்தமாம். தையில் புது ஒப்பந்தம் பேசப் போகிறார்கள். எங்களில் பாதிப் பேர் சங்கத்தை விட்டு விலகிவிடலாம் என்கிறார்கள். எங்களுக்காகப் பேசாத சங்கம் எங்களுக்கு எதற்கு?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெரியவர் என் அப்பாவாக இருந்திருக்கலாம் என்பதால்தான்.

அப்பாவும் மில் தொழிலாளி. எந்த மில் என்பது இங்கே முக்கியமில்லை. தொண்ணூறுகளில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், சாப்பிட உட்காராமல் திண்ணையிலேயே இருந்தார். வாயிற்கூட்டத்தில் ஒப்பந்தத்தை வாசித்திருக்கிறார்கள். இருக்கிறவர்களுக்கு ஒரு பைசாவும் குறையாது, பஞ்சப்படி அப்படியே, போனஸ் அப்படியே. கடைசியில் ஒரு வரி: இனிமேல் சேருகிறவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் வேறு. ஒத்துக்கொள்ளாவிட்டால் மில்லை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள், அப்பாவும் தூக்கினார். எதிர்த்துத் தூக்க ஆள் இல்லை. அந்த வரியால் அடிபடப் போகிறவன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் பயந்திருந்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். ஆனாலும் அது தப்புத்தான் என்று அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். இன்னும் பிறக்காத கடனுக்கு வேறொருவன் பெயரில் கையெழுத்துப் போட்டதைப் போன்றது அது.

சட்டமும் அந்தக் கையெழுத்துக்குப் பலம் கொடுத்தது. சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தம், 2025 வரை நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் 18(3) பிரிவுப்படி, கையெழுத்துப் போட்ட சங்கத்தோடு நிற்கவில்லை. அந்த ஆலையில் வேலை பார்த்த எல்லாரையும் கட்டியது, பிறகு வேலைக்கு வந்தவர்களையும் கட்டியது. ஆகவே சங்கத்தை விட்டு நீங்கள் வெளியேறினாலும் ஒப்பந்தம் உங்களை விடாது. மாதம் 50 ரூபாய் மிச்சமாகும், கூலி 420தான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். தயவுசெய்து விலகாதீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாலு நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 1981இல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 104 வாரம். வாரம் ஐந்து நாளென்றால் 520 வந்துவிடும். நாலு நாளென்றால் 416தான். உங்களுக்கு ஐந்தாவது நாள் ஏன் கிடைப்பதில்லை என்று புரிகிறதா? சம்பளத்தோடு எடுத்த விடுப்பும், வேலையில் காயம்பட்டு வீட்டில் இருந்த நாளும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்களில் சிலர் 480ஐ ஏற்கெனவே தாண்டியிருக்கக்கூடும்.

சமவேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். 2016இல் வந்த அந்தத் தீர்ப்பு அரசுத் துறைகளின் தற்காலிக ஊழியர்களைப் பற்றியது. தனியார் ஆலை வாசலில் அதைக் காட்டி அப்படியே வாங்கிவிட முடியாது. நீங்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று இதைச் சொல்கிறேன்.

அப்புறம், தையில் நடக்கப்போகும் பேச்சு. சங்கத்தில் வழக்கம்போல "எல்லாருக்கும் 10 சதவீதம்" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 790க்கு 79 ரூபாய் கூடும், உங்கள் 420க்கு 42. இன்று இருவருக்கும் நடுவே 370 ரூபாய் இருக்கிறது, அது 407 ஆகிவிடும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இந்த இடைவெளி இப்படித்தான் வளர்ந்துகொண்டே போகிறது, இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் கேளுங்கள். மேலே இருப்பவருக்கு 40, கீழே இருப்பவருக்கு 80 என்றால் இடைவெளி 330க்கு இறங்கும். ஒரே ஒப்பந்தத்தில் தீராது, இரண்டு மூன்று ஒப்பந்தம் பிடிக்கும்.

பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? ஒன்றாக நின்ற இடங்கள் உண்டு. அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் கம்பெனியில் 1982 ஒப்பந்தத்தில் பகுதிநேரத்தாருக்குத் தொடக்கக் கூலி மணிக்கு 8 டாலர் என்று வைத்தார்கள். பதினைந்து வருஷம் அது அசையவில்லை. 1997 ஆகஸ்டில் ஏறக்குறைய 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முழுநேர டிரைவர்களும் பகுதிநேரத்தாரோடு சேர்ந்து வெளியே நின்றார்கள். பகுதிநேர வேலைகளைச் சேர்த்து 10,000 முழுநேர வேலை உண்டாக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அவ்வளவு தூரம் போவானேன், 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்றைக்குத் தூத்துக்குடி நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிக் கிளம்பிய அந்தக் கூட்டம் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வாங்கியது.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது எண்பதை நெருங்குகிறது, காது மந்தம், இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. "அந்தப் பையனுக்கு நைட் ஷிப்ட் உண்டாடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க அன்னைக்குக் கேட்டிருக்கணும், புதுசா வாறவனுக்கும் இதேதான்னு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இது வந்தது இதுதான் முதல் தடவை.

உங்கள் பக்கத்து மெஷின் பெரியவரிடம் பேசுங்கள், கோபமில்லாமல். அவருடைய மகனோ மருமகனோ எங்காவது பதிலியாகத்தான் இருப்பான். தையில் பேச்சு என்றால் கோரிக்கைப் பட்டியலைக் கார்த்திகையிலேயே எழுதிவிடுவார்கள். அதற்குள் பழைய ஒப்பந்தத்தின் நகலைச் சங்கத்தில் கேட்டு வாங்குங்கள், சந்தா கட்டுகிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. "இனிமேல் சேருகிறவர்கள்" என்று தொடங்கும் அந்த வரி எத்தனையாவது ஷரத்து என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை மாற்றி எழுத வேண்டிய வாசகத்தை நாம் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அண்ணாச்சி