வீட்டு அலமாரிக்கு எந்த பிராந்தி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிராந்தி பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசிக்கு அடியில் இருப்பது ஒரே கவலைதான்: கொடுக்கிற காசு பாட்டிலுக்குள் இருப்பதற்குப் போகிறதா, பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் பெயருக்குப் போகிறதா? நியாயமான கவலை. விளம்பரத்துக்கும் குடுவையின் அழகுக்கும் வாங்குபவர் இவ்வளவு பணம் கொடுக்கும் மது வகைகள் குறைவு. லேபிளில் உள்ள சொற்களில் சட்டம் பொருள் கொடுத்தவை எவை, வெறும் அலங்காரம் எவை என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: முதன்முறையாக வீட்டில் ஒரு சின்ன மது அலமாரி வைக்கப்போகிறேன். பிராந்தி வகையில் எத்தனை பாட்டில் வேண்டும்?

மூன்று போதும். காக்டெயிலுக்கு ஒரு இளம் கொன்யாக் (பிரான்ஸின் கொன்யாக் பகுதியில் தயாராகும் திராட்சை பிராந்தி), சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக அருந்த ஒரு ஆர்மன்யாக் (இன்னொரு பிரெஞ்சு திராட்சை பிராந்தி), திராட்சையை விட்டு விலகிய ருசிக்கு ஒரு ஆப்பிள் பிராந்தி. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. நாலைந்து கொன்யாக்குகளை வரிசையாக வாங்கி வைத்தால் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில்தான் ருசிக்கும். ஒவ்வொன்றும் பாதி காலியாகி மாதக்கணக்கில் கிடக்கும். மூன்றும் பழகிய பிறகு நான்காவது எது என்று உங்கள் நாக்கே சொல்லும்.

கேள்வி: வி.எஸ்., வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. என்பதெல்லாம் தர வரிசையா?

வயது வரிசை. அதிலும் குறைந்தபட்ச வயது மட்டும். கொன்யாக்கில் பல ஆண்டுகளின் வடிப்புகளைக் கலப்பார்கள். அந்தக் கலவையில் இருக்கும் மிக இளைய வடிப்பு ஓக் பீப்பாயில் எவ்வளவு காலம் இருந்தது என்பதை இந்த எழுத்துகள் சொல்கின்றன. வி.எஸ். என்றால் 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, நெப்போலியன் என்றால் 6, எக்ஸ்.ஓ. என்றால் 10. எக்ஸ்.ஓ.வுக்கும் முன்பு 6 ஆண்டுதான் இருந்தது. 2018 ஏப்ரலில் 10 ஆக உயர்த்தினார்கள். பழைய இருப்பு பாட்டில் ஏதாவது கண்ணில் பட்டால் இது நினைவிருக்கட்டும்.

இவை குறைந்தபட்ச வரம்புகள் என்பதால் ஒரு தயாரிப்பாளர் தன் வி.எஸ்.ஓ.பி.யில் 8 ஆண்டு வடிப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம், இன்னொருவர் 4 ஆண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பாட்டிலிலும் ஒரே எழுத்துகள்தான் இருக்கும். நல்ல வி.எஸ்.ஓ.பி. ஒன்று சுமாரான எக்ஸ்.ஓ.வை எளிதாக வெல்லும். விலை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு பெரும்பாலும் வி.எஸ்.ஓ.பி.க்குத்தான்.

நிறத்தை நம்ப வேண்டாம். கொன்யாக்கில் காரமல், சர்க்கரை, ஓக் மரத்தைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு ஆகியவற்றைச் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன. ஆகவே அடர்ந்த நிறம் நீண்ட வயதுக்குச் சான்று ஆகாது. இன்னொன்று: கொன்யாக் பகுதிக்கு வெளியே தயாராகும் பிராந்தியின் மேல் எக்ஸ்.ஓ. என்று அச்சிட்டிருந்தால் இந்த 10 ஆண்டு விதி அதைக் கட்டுப்படுத்தாது. அந்தந்த நாட்டின் விதி என்ன என்று பார்க்க வேண்டும்.

வயதைவிட எனக்கு அதிகம் பயன்படுவது ஊர்ப்பெயர். கிராந்த் ஷாம்பாஞ், பெத்தித் ஷாம்பாஞ் ஆகிய இரண்டும் கொன்யாக்குக்குள் சுண்ணாம்பு மண் உள்ள பகுதிகள். அங்கிருந்து வரும் வடிப்பு நீண்ட காலம் பீப்பாயில் நின்று வளரும். லேபிளில் ஃபீன் ஷாம்பாஞ் என்று இருந்தால் அந்த இரண்டு பகுதிகளின் கலவை, அதில் பாதியாவது கிராந்த் ஷாம்பாஞ் என்று பொருள். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே வடித்து பாட்டிலில் அடைக்கும் சிறு தயாரிப்பாளர்களின் பெயரோடு இந்தச் சொல்லும் சேர்ந்திருந்தால் நம்பிக்கையோடு எடுக்கலாம்.

கேள்வி: ஆர்மன்யாக்கும் கொன்யாக்கும் ஒன்றுதானே? ஏன் ஆர்மன்யாக்கை இவ்வளவு பரிந்துரைக்கிறீர்கள்?

இரண்டும் பிரெஞ்சு திராட்சை பிராந்திதான், ஆனால் வடிக்கும் முறையிலேயே பிரிந்துவிடுகின்றன. கொன்யாக்கை செப்புக் கலனில் இரண்டு முறை வடிக்கிறார்கள். வெளியே வரும்போது சுமார் 70 சதவீத ஆல்கஹால் இருக்கும். பிரான்ஸின் தென்மேற்கில் கஸ்கோனியில் தயாராகும் ஆர்மன்யாக்கைப் பெரும்பாலும் தொடர்ந்து ஓடும் வடிகலனில் ஒரே முறைதான் வடிப்பார்கள். 52 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். ஆல்கஹாலின் செறிவு குறைவு என்பதால் திராட்சையின் கனமான வாசனைப் பொருட்கள் அதிகம் தங்கிவிடுகின்றன. இளமையில் அது சற்று முரடாகத்தான் இருக்கும். பத்து ஆண்டு பீப்பாயில் கழித்த பிறகு வரும் உலர்ந்த பிளம், பதனிட்ட தோல், புகையிலை மணம் வேறு எதிலும் இந்த ஆழத்தோடு எனக்குக் கிடைத்ததில்லை.

மதிப்பு என்று பார்த்தால் காரணம் இன்னும் எளிது. கொன்யாக்கின் உற்பத்தி ஆர்மன்யாக்கைப் போல பத்து மடங்குக்கும் மேல். அதன் விற்பனையில் பெரும்பகுதி ஹென்னெஸி, மார்ட்டெல், ரெமி மார்ட்டின், கூர்வசியே என்ற நான்கு பெயர்களிடம் இருக்கிறது. உலகம் முழுவதும் செய்யும் விளம்பரச் செலவும் விலையில் சேரும். ஆர்மன்யாக் பெரும்பாலும் சிறு பண்ணைகளின் தொழில். ஒரே தொகைக்கு அங்கே பொதுவாகக் கூடுதல் வயது கிடைக்கும். பா-ஆர்மன்யாக் (அங்குள்ள ஒரு பகுதியின் பெயர்), எக்ஸ்.ஓ. அல்லது ஓர் தாஜ் என்ற சொற்களைத் தேடுங்கள். பின்னவை இரண்டும் குறைந்தது 10 ஆண்டு.

ஆர்மன்யாக்கில் அறுவடை ஆண்டு குறித்த பாட்டில்களும் சகஜம். பிறந்த ஆண்டுக்கோ திருமண ஆண்டுக்கோ தேடி வாங்குகிறார்கள், நல்ல வழக்கம். ஆனால் முன்பக்கத்து ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டிலில் அடைத்த ஆண்டு பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். 1990 அறுவடையை 2005-இல் அடைத்திருந்தால் அது 15 ஆண்டு ஆர்மன்யாக், இன்றைக்கும் 15தான். கண்ணாடிக்குள் போனதும் வயது நின்றுவிடும். அப்புறம், தண்ணீர் சேர்க்காமல் 45 சதவீதத்துக்கு மேல் அடைத்தவையும் உண்டு. அவற்றில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் நன்றாகத் திறக்கும்.

கேள்வி: சைட்கார் காக்டெயிலுக்கு எக்ஸ்.ஓ. ஊற்றலாமா?

வேண்டாம். 50 மி.லி. கொன்யாக், 20 ஆரஞ்சு லிக்கர் (இனிப்பு சேர்த்த மது), 20 எலுமிச்சைச் சாறு என்ற அளவில் எலுமிச்சைப் புளிப்பு வந்ததும் பத்தாண்டு பீப்பாயின் நுட்பம் மறைந்துபோகும். வி.எஸ். அல்லது வி.எஸ்.ஓ.பி. போதும். பியர் ஃபெராண்ட் 1840 என்ற கொன்யாக் போல 45 சதவீதத்தில் அடைத்த ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பனிக்கட்டியும் சாறும் சேர்ந்த பிறகும் பிராந்தியின் குரல் கேட்கும். பிராந்தியில் மிச்சம் பிடித்த காசை ஆரஞ்சு லிக்கரில் போடுங்கள். மட்டமான லிக்கர் எந்த சைட்காரையும் கெடுத்துவிடும்.

கேள்வி: ஸ்பானிஷ் பிராந்தி விலை குறைவாக இருக்கிறதே, தரமும் குறைவா?

இல்லை. வேறு குணம். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதி பிராந்தியை ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் சொலேரா முறையில் முதிரவைக்கிறார்கள். பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடி வரிசையிலிருந்து ஒரு பங்கை எடுத்து பாட்டிலில் அடைப்பார்கள், அந்த இடத்தை மேல் வரிசை நிரப்பும், எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. அதனால் இங்கே சொல்லப்படுவது குறைந்தபட்ச சராசரி வயது: சொலேரா 6 மாதம், ரெஸெர்வா 1 ஆண்டு, கிரான் ரெஸெர்வா 3 ஆண்டு. வீட்டுக்கு வாங்கினால் கிரான் ரெஸெர்வாவே வாங்குங்கள். திராட்சை வற்றல், கொட்டைப் பருப்பு, ஒரு இனிப்பு என்று உருண்டையாக இருக்கும். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது.

சிக்கனம்தான் முதல் நோக்கம் என்றால் தென்னாப்பிரிக்காவின் பாட்ஸ்டில் பிராந்தியையும் பாருங்கள். முழுக்கச் செப்புக் கலனில் வடித்து, 340 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் 3 ஆண்டாவது வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உலக அளவில் இதன் பெயர் பெரிதாகப் பரவவில்லை. தரம் விலையைத் தாண்டி நிற்கிறது.

கேள்வி: ஆப்பிள் பிராந்தியில் கல்வடோஸ், ஆப்பிள்ஜாக் இரண்டில் எது?

அப்படியே அருந்த கல்வடோஸ், காக்டெயிலுக்கு ஆப்பிள்ஜாக் குடும்பம். கல்வடோஸ் பிரான்ஸின் நார்மண்டியில் புளித்த ஆப்பிள் சாறான சைடரை வடித்து, குறைந்தது 2 ஆண்டு ஓக்கில் வைத்தது. பேய்த் ஓஜ் என்ற பகுதிப் பெயர் லேபிளில் இருந்தால் இரண்டு முறை வடித்தது. முதல் பாட்டிலுக்கு அதுதான் பாதுகாப்பான தேர்வு. தோம்ஃபிரோந்தே என்ற பகுதிப் பெயர் என்றால் 30 சதவீதமாவது பேரிக்காய் இருக்கும், இன்னும் மென்மையான மணம்.

அமெரிக்க ஆப்பிள்ஜாக்கில் ஒரு எச்சரிக்கை. பிளெண்டட் என்று இருந்தால் மணமற்ற தானிய ஆல்கஹால் கலந்தது, ஆப்பிள் ருசி மெலிந்திருக்கும். லெயர்ட்ஸ் நிறுவனத்தின் பாண்டட் ஆப்பிள் பிராந்தி முழுக்க ஆப்பிளிலிருந்து வந்தது, 50 சதவீதம். எலுமிச்சைச் சாறும் மாதுளைச் சிரப்பும் சேர்த்து ஜாக் ரோஸ் காக்டெயில் கலந்து பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

கேள்வி: செர்ரி பிராந்தியும் கிர்ஷும் ஒன்றா?

கிர்ஷ் செர்ரியைப் புளிக்கவைத்து வடித்தது. நிறமில்லை, இனிப்பில்லை. செர்ரி பிராந்தி என்று விற்பது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்த சிவப்பு லிக்கர். செய்முறையில் ஒன்று கேட்டால் மற்றதை ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிஸ்கோ வாங்கலாமா?

பிஸ்கோவும் திராட்சை பிராந்திதான்; பெரு நாட்டு பிஸ்கோ வாங்கலாம். அங்கே மரப் பீப்பாயும் கூடாது, பிறகு தண்ணீர் சேர்ப்பதும் கூடாது. வடித்த செறிவிலேயே அடைக்க வேண்டும், அதற்கு முன் 3 மாதமாவது மணம் ஒட்டாத கலனில் ஓய்வு. ஆகவே திராட்சையின் மணம் மறைப்பின்றி வரும். பிஸ்கோ சவர் காக்டெயிலுக்குக் கெப்ராந்தா திராட்சை, அப்படியே முகர்ந்து ரசிக்க இத்தாலியா என்ற திராட்சை. வேறு பானங்களுக்கு அதிகம் கைகொடுக்காது, அதனால் நான்காவது இடம்.

கேள்வி: மிக மலிவான பாட்டிலில் வெறுமனே பிராந்தி என்று மட்டும் இருக்கிறது. எப்படி நம்புவது?

மூலப்பொருள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஆல்கஹாலுக்கு நிறமும் மணமும் ஏற்றி அதே பெயரில் விற்க முடிகிறது. திராட்சை, பீப்பாய்க் காலம், வடித்த பகுதி மூன்றில் ஒன்றையாவது சொல்லாத பாட்டிலை நான் எடுப்பதில்லை.

கேள்வி: திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

கெட்டுப்போகாது, மணம்தான் தேயும். பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஓராண்டு வரை கவலை வேண்டாம். கால்வாசிக்கு இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகம்; சில மாதங்களில் முடித்துவிடுங்கள், அல்லது சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைக்கக் கூடாது, செறிந்த ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஈயம் கலந்த பழைய கிரிஸ்டல் குடுவையில் ஊற்றி அலமாரியில் நிறுத்துவது வேண்டவே வேண்டாம். நாள்பட ஈயம் மதுவில் இறங்கும். விருந்தன்று மாலை மட்டும் அதில் ஊற்றிப் பரிமாறிவிட்டு, மிச்சத்தை அன்றைக்கே பாட்டிலுக்குத் திருப்பிவிடுங்கள்.