முதலில் ரோஸ்டர், அப்புறம் வீடு

சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான்: மதுரையில் எட்டு வருடம் ஐ.சி.யு. டூட்டி பார்த்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை உறுதியாகிவிட்டது. வீட்டுக்காரர் தனியார் வங்கியில் இருக்கிறார், மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. நாலு பேரும் ஒன்றாகவே வந்துவிடலாமா, தமிழர்கள் அதிகம் இருக்கும் ஏரியா எது, ஒரு சம்பளத்தில் ஓட்ட முடியுமா, அவருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நர்ஸ்தான், திருநெல்வேலிப் பக்கம். பல வருடமாக லீட்ஸில்தான் இருக்கிறேன்.

ஒன்றாக வராதீர்கள். முதல் மூன்று நாலு மாதம் நீங்கள் மட்டும் வாருங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி ஆரம்பத்தில் தரும் தங்குமிடம் பெரும்பாலும் ஒற்றை அறை, நாலைந்து பேருக்குப் பொதுவான சமையலறை. அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். தலைக்கு மேல் ஆஸ்கி தேர்வு வேறு நிற்கும், இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான செய்முறைத் தேர்வு அது. வேலை தொடங்கிய 12 வாரத்துக்குள் முதல் முறை எழுதிவிட வேண்டும் என்பது விசாவோடு வரும் நிபந்தனை. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு.

அந்தத் தேர்வில் பத்து நிலையங்கள். அவற்றில் நாலு, நோயாளியை மதிப்பிடல், திட்டமிடல், செயல், மறுமதிப்பீடு என்று போகும். நாலு செய்முறைத் திறன்கள். மிச்சம் இரண்டில் வாயைத் திறக்க வேண்டாம், எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களைப் போல ஐ.சி.யு. அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வென்டிலேட்டர் நோயாளியைக் கண்ணாலேயே எடைபோட்டுப் பழகியிருப்போம். இங்கே செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையைச் சுத்தம் செய்கிறேன், பெயரும் பிறந்த தேதியும் கைப்பட்டையோடு ஒத்துப்போகிறதா பார்க்கிறேன், உங்களுக்கு ஏதாவது அலர்ஜி உண்டா என்று வரிசையாக. மனசுக்குள் பார்த்துக்கொண்டதற்கு மார்க் கிடையாது. இரண்டு குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு இதைப் பயிற்சி செய்வது நடக்காத காரியம்.

தேர்வு முடிந்து, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யிலிருந்து பின் நம்பர் (பதிவு எண்) வரும்வரை பெரும்பாலும் கீழ் பேண்டில்தான் (சம்பளப் படியில்) சம்பளம் போடுவார்கள். அதற்கப்புறம்தான் பேண்ட் 5. 2025-26 கணக்குப்படி அதன் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக மாதம் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் வரும். இரவு டூட்டிக்கும் சனிக்கிழமைக்கும் அந்த மணிநேரங்களுக்கு 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் அரசு விடுமுறைக்கும் 60 சதவீதம். இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை ஆயிரம் பவுண்டை ஒட்டி நிற்கும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), கரண்ட், கேஸ், தண்ணீர், பஸ், சாப்பாடு என்று சேர்த்தால் ஒரு சம்பளத்தில் ஓட்டலாம், மிச்சம் பிடிக்க முடியாது. ஊரில் கடன் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஒன்று மட்டும் நிம்மதி: ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில் வருகிறவர்களும் குடும்பத்தாரும் ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மற்ற வேலை விசாக்களில் பெரியவர் ஒருவருக்கே வருடத்துக்கு 1,035 பவுண்டு அது.

இப்போது வீடு. எல்லோரும் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் மாதிரி தெருவே தமிழாக இருக்கும் இடம் லீட்ஸில் இல்லை. நாம் அங்கங்கே சிதறிக் கிடக்கிறோம். பர்லி பக்கம் இந்துக் கோயில் இருக்கிறது, ஹேர்ஹில்ஸ் கடைகளில் கறிவேப்பிலை, தேங்காய், முருங்கைக்காய் வாங்கலாம். இதற்காக வீட்டை அங்கே எடுக்க வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போனால் போதும்.

வீட்டை முடிவு செய்ய வேண்டியது உங்கள் ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை. முழுநேர வேலை வாரத்துக்கு 37.5 மணி. லாங் டே என்றால் காலை ஏழு மணிக்கு ஹேண்ட் ஓவர், இரவு ஏழரைக்கு வெளியே. இடைவேளை போக 11.5 மணி நேரம்தான் கணக்கில் ஏறும். அதனால் வாரம் மூன்று டூட்டி, நாலு வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாக இன்னொன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நாலு நாள் வீட்டில் இருக்கலாமே என்று. ஆனால் அந்த மூன்று நாளும் எந்தெந்தக் கிழமை என்பது வாரத்துக்கு வாரம் மாறும், இரவும் பகலும் கலந்து வரும். பள்ளி ஒன்பது மணியை ஒட்டித்தான் திறக்கும், மூன்று மணி, மூன்றேகாலுக்கு விட்டுவிடும். பள்ளியில் பிரேக்ஃபாஸ்ட் கிளப் இருந்தால்கூடப் பெரும்பாலும் ஏழரை, எட்டுக்கு மேல்தான். நீங்கள் ஆறே காலுக்கே வாசலைத் தாண்டியிருப்பீர்கள்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாதத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். என் லாங் டே பச்சை, நைட் கறுப்பு, என் வீட்டுக்காரர் டூட்டி நீலம். பச்சையும் நீலமும் ஒரே கட்டத்தில் வந்தால் சிவப்பு மையால் சுழித்து, யார் பிள்ளையை எடுப்பது என்று ஒரு பெயர் எழுதியாக வேண்டும். அந்தப் பெயர் கிடைக்காமல் டூட்டியை மாற்றச் சொல்லி எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! அதனால்தான் சொல்கிறேன், வாடகை ஐம்பது பவுண்டு கூடினாலும் பரவாயில்லை, பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கட்டும். இந்த ஊரில் மெட்ரோ, டிராம் எதுவும் கிடையாது, பஸ்தான் கதி. ஞாயிறு அதிகாலைப் பஸ் உங்கள் டூட்டி நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள், வார நாள் அட்டவணையை நம்பி ஏமாறாதீர்கள். இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்கே புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸ் எடுத்து டெஸ்ட்டை முடிப்பது நல்லது, தேதி கிடைக்கவே நாளாகும்.

குறைந்த வாடகைக்கு ஹேர்ஹில்ஸ், பீஸ்டன் பக்கம் வீடு காட்டுவார்கள். அவற்றில் பல பேக் டு பேக் வீடுகள். வீட்டின் பின்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பின்சுவர், பின்வாசல் கிடையாது, ஜன்னல் முன்பக்கம் மட்டும். விக்டோரியா காலத்து ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டியது. துணியைத் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது பழகிய காட்சிதான், ஆனால் காற்றோட்டம் இல்லாததால் குளிர்காலத்தில் ஈரம் கட்டும். வீடு பார்க்கப் போகும்போது அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி அதன் பின்சுவரைப் பாருங்கள். படுக்கையறை மூலையில் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இருமல் வந்தால் அந்த மலிவு வாடகை எதற்கும் ஆகாது. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். இது 'கிடைத்த வீட்டை விடக்கூடாது' என்ற பதற்றத்தில் நம்மவர்கள் கேட்க மறக்கிற விஷயம். வீட்டைப் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். உங்களை முன்னால் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிக்கு உள்ளாட்சி கவுன்சில் சொல்லும் முறையில் விண்ணப்பிக்க வேண்டும், அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. வருட நடுவில் வந்தால் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியைத் தரக்கூடும். முகவரி கைக்கு வந்த அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டு, விரும்பும் பள்ளியில் வெயிட்டிங் லிஸ்ட்டிலும் பெயரைக் கொடுத்துவையுங்கள். மகனுக்கு மூன்று வயது முடிந்த அடுத்த டெர்ம்மிலிருந்து வாரம் 15 மணி நேர இலவச நர்சரி கிடைக்கும், விசா தடையில்லை. 30 மணி நேரத் திட்டம் நம் விசாவுக்கு எட்டாது, அதற்கு பெற்றோரில் ஒருவருக்காவது அரசு உதவித்தொகை பெறும் உரிமை இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட்டும் அதே கதைதான். யாராவது விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பின்னாளில் விசாவில் வந்து நிற்கும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஊரில் 'அக்கா தம்பியைப் பார்த்துக்கோ, கடைக்குப் போய்ட்டு வந்திடறேன்' என்று சொல்வோம். இங்கே அது கூடாது. இத்தனை வயதுக்குக் கீழ் தனியாக விடக்கூடாது என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை, ஆனால் பிள்ளைக்கு ஆபத்து வரும்படி விட்டால் குற்றம். ஏழு வயதுப் பெண்ணை நம்பி மூன்று வயதுக்காரனை விட்டது வெளியே தெரிந்தால் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு வீட்டுக்கு வரும். நாம் நர்ஸ் என்பதால் என்.எம்.சி. வரைக்கும் போகலாம். அப்புறம் நைட் முடித்து வந்து, மகன் பொம்மை பார்க்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குவதும் இதில் சேர்த்திதான். வார்டில் இருக்கும் மலையாளி நர்ஸ்களைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டை அவர்கள் அழகாக நடத்துகிறார்கள். தோழிகளுக்குள் கைமாற்றாகச் செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தன் வீட்டில் பார்க்கிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். அம்மாவை விசிட்டர் விசாவில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். அது ஆறு மாதம்தான், பேரன் பேத்தியோடு இருந்துவிட்டுப் போகத்தான். ஆயாவுக்குப் பதில் ஆளாக வைத்துக்கொள்ள அந்த விசா இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் பில்லைப் பார்த்து நமக்கே படுக்கை தேவைப்படும்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி அவர் ஏறக்குறைய எந்த வேலைக்கும் போகலாம், அவருக்கு ஸ்பான்சர் தேவையில்லை. நிஜத்தில், இங்கத்திய அனுபவம் இல்லாதவரை வங்கி வேலைக்கு லேசில் கூப்பிட மாட்டார்கள். முதலில் கிடைப்பது வேர்ஹவுஸ், சூப்பர் மார்க்கெட் இரவு ஷிஃப்ட், ஆஸ்பத்திரியில் போர்ட்டர் அல்லது ஹெல்த்கேர் அசிஸ்டன்ட். ஊரில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கடன் ஃபைலில் கையெழுத்துப் போட்டவர், இங்கே மழைத் தூறலில் பள்ளி கேட்டில் நின்று பையனின் மூக்கைத் துடைக்க வேண்டிவரும். வேலை கேவலம் இல்லை, யாரும் கேவலமாகப் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து போன் வரும், 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' என்று. அந்தக் கேள்விக்கு நீங்கள் இருவரும் என்ன பதில் சொல்வது என்று மதுரையில் இருக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஒரு வருடமாவது பிள்ளைகளையும் அடுப்பையும் அவர்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'போனதும் பார்த்துக்கலாம்' என்று கிளம்பிய வீடுகளில்தான் டிசம்பரில் சண்டை வெடிக்கிறது. அந்த மாதம் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். நாள் முழுக்க வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு அது ரொம்பக் கனமான மாதம். முடிந்தால் அவரை ஏப்ரல், மே வாக்கில் வரவழையுங்கள், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் பருவத்தில் ஊர் பழகிவிடும். கணக்கு தெரிந்தவர் என்பதால் ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் படிப்பை மெதுவாக ஆரம்பித்து அக்கவுண்ட்ஸ் பக்கம் நகரலாம். என் பழக்கத்தில் அப்படிப் போய் நல்ல இடத்தில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

காகித வேலை கொஞ்சம்தான். 2024 மார்ச் 11-க்குப் பிறகு கேர் வொர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, அந்தத் தடை நர்ஸ்களுக்கு இல்லை. யாராவது குழப்பினால் கலங்க வேண்டாம். குடும்பத்துக்கான செலவுப் பணத்துக்கு ஆஸ்பத்திரி பொறுப்பேற்காவிட்டால் கணவருக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்ததற்கு 200, ஆக 800 பவுண்டு வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருப்பதைக் காட்ட வேண்டும். டிபி டெஸ்ட் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். அவர்கள் தள்ளி வருவதால் உங்களோடு சேர்த்து இப்போதே எடுத்து வீணாக்காதீர்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். ஏஜென்ட் உங்களிடம் வேலை வாங்கித் தந்ததற்குப் பணம் கேட்டால் அது இங்கத்திய ஆள்சேர்ப்பு நெறிமுறைக்கே விரோதம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். எந்த வார்டு, ரோஸ்டர் எத்தனை வாரம் முன்னால் வரும், தங்குமிடம் எத்தனை வாரம், இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, அது வருடத்துக்கு வருடம் குறையுமா. வேலை நேரத்தைக் குடும்பத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உண்டு, தருவது மேனேஜர் கையில். வேறு ஊருக்கு மாறலாம் என்று பின்னால் தோன்றினால் புதிய ஆஸ்பத்திரி ஸ்பான்சர்ஷிப் கொடுத்து, விசாவும் புதிதாக வந்த பிறகுதான் அங்கே சேர முடியும் என்பதையும் மனதில் வையுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள். செயின்ட் ஜேம்ஸா, ஜெனரல் இன்ஃபர்மரியா என்று தெரிந்தால் எந்தப் பஸ் ரூட்டில் வீடு பார்ப்பது, அந்தப் பக்கம் எந்தப் பள்ளிகள் என்று சொல்கிறேன்.