போஸ்ட்பெய்டுலேந்து ப்ரீபெய்டு: 530 ரூபா பில்லுக்கு ஒரு கணக்கு

கேள்வி: சார் வணக்கம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டு இருந்தப்போ எடுத்த போஸ்ட்பெய்டு நம்பர், இப்போ ரிட்டயர் ஆகி வீட்டுலதான் இருக்கார். பிளான் 449 ரூபான்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனா மாசாமாசம் 530 கிட்ட வருது. வீட்டுல வைஃபை இருக்கு. ப்ரீபெய்டுக்கு மாத்துனா நெஜமாவே மிச்சமாகுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்லாவே மிச்சமாகும்மா. மொதல்ல அந்த 530 எங்கேந்து வருதுன்னு பாத்துடலாம். போஸ்ட்பெய்டுக்கு விளம்பரத்துல போடுறது வரி சேக்காத விலை. 449க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 80 ரூபா 82 காசு, ரெண்டும் சேந்து 529.82. ப்ரீபெய்டுல 299ன்னா வரியோட சேத்தே 299தான், அதனால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறப்போ போஸ்ட்பெய்டு விலைய வரியோட எழுதிக்கிட்டு அப்பறம் பாருங்க, இல்லன்னா கணக்கு தப்பா வரும். உங்க வீட்டுக்காரர் நம்பருக்கு மட்டும் வருஷத்துக்கு 6,358 ரூபா போயிட்டு இருக்கு.

ப்ரீபெய்டுலயும் ஒரு சூட்சுமம் உண்டு, அதான் 28 நாள். நமக்கு வருஷத்துக்கு 12 மாசம்னா அவங்களுக்கு 13. போன் கம்பெனிகளுக்கு விதி போடுற ஆணையமான டிராய் 2022லயே எல்லா கம்பெனியும் 30 நாள் பிளான் ஒண்ணும், மாசாமாசம் அதே தேதில ரீசார்ஜ் பண்ற மாதிரி ஒண்ணும் கண்டிப்பா வெக்கணும்னு சொல்லிடுச்சு, வெச்சும் இருக்காங்க, ஆனா ஆப்ப தொறந்தா மொதல்ல கண்ணுல படுறது என்னவோ 28தான். அதனால எந்த 28 நாள் பிளானையும் 12ஆல பெருக்காதீங்க, 13ஆல பெருக்குங்க. தினசரி டேட்டா தர்ற 299 ரூபா பிளான் வருஷத்துக்கு 3,887 ஆகும், இப்ப கட்டுறதுல கிட்டத்தட்ட 2,470 ரூபா மிச்சம்.

ஆனா வீட்டுல வைஃபை இருக்கறப்போ தினசரி டேட்டா எதுக்குன்னு யோசிங்க. உங்க பழைய பில்ல எடுத்து எத்தன ஜிபி ஓடிருக்குன்னு பாருங்க, இல்லன்னா போன்லயே செட்டிங்ஸ்ல மொபைல் டேட்டா எவ்ளோன்னு காட்டும். ரிட்டயர் ஆனவங்க நெறைய பேருக்கு அது மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஜிபிய தாண்டாது, ஆனா பணம் கட்டுறது அம்பது ஜிபிக்கு. பேச மட்டும் போன் வெச்சிருக்கறவங்களுக்குன்னு தனி ரீசார்ஜ் இருக்கணும்னு 2024 டிசம்பர்ல டிராய் சட்டதிட்டத்த திருத்துச்சு, அதுக்கப்பறம் 2025 ஜனவரில டேட்டாவே இல்லாத பிளான்லாம் வந்துச்சு. ஏர்டெல்ல 84 நாளைக்கு 469, 365 நாளைக்கு 1,849. ஜியோல 84 நாளைக்கு 448. இதெல்லாம் அந்த மாசக் கடைசில இருந்த விலை, இப்போ என்னன்னு ஆப்ல ஒரு தடவ பாத்துக்கங்க.

1,849ன்னு பாத்ததும் உடனே பாஞ்சுடாதீங்க. வீட்டு வாசல தாண்டினா நெட் கெடையாது. பால் பூத்துல ஸ்கேன் பண்ணி 32 ரூபா அனுப்பலாம்னு போன நீட்டினா அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், பின்னாடி நாலு பேரு நிப்பாங்க. அவர் வெளிய போனா சில்லறை வெச்சுக்கற ஆளுன்னா தாராளமா போடுங்க. எல்லாத்துக்கும் யுபிஐதான்னா 28 நாளைக்கு மொத்தமா 2 ஜிபி தர்ற 199 ரூபா மாதிரி பிளான் போதும், 13 தடவ போட்டாலும் 2,587தான். என்னைய கேட்டா உங்களுக்கு இதத்தான் சொல்வேன்.

ஒரே பில்லுல நாலு நம்பர் ஓடுற ஃபேமிலி பிளான் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்க தலைக்கு எவ்ளோ விழுதுன்னு பிரிச்சுப் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்.

கேள்வி: ப்ரீபெய்டுக்கு மாத்தணும்னு ஷோரூமுக்கு போனா 'வேணாம் சார், டிஸ்கவுண்ட் தரோம்'னு பேசியே அனுப்பிடறாங்க. நம்பரும் போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: நம்பர் எங்கயும் போகாது சார். அதே கம்பெனிக்குள்ள மாத்துறதுக்கு ஓடிபி போட்டே முடிக்கிற முறைய 2021லயே தொலைத்தொடர்புத் துறை கொண்டு வந்துடுச்சு, அதனால கடைல கெஞ்சிட்டு நிக்காம மொதல்ல ஆப்லயும் வெப்சைட்லயும் பாருங்க. ஆனா மாத்தின கையோட அதே ஓடிபி முறைல திரும்ப போஸ்ட்பெய்டுக்கு ஓடி வர முடியாது, நடுவுல ஒரு காத்திருப்பு காலம் வெச்சிருக்காங்க.

வேற கம்பெனிக்கே போறதுன்னா எஸ்எம்எஸ்ல PORTனு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடம் விட்டு உங்க நம்பர போட்டு 1900க்கு அனுப்புங்க. எட்டு எழுத்துல ஒரு கோட் வரும், நம்ம ஊருக்கு அது நாலு நாள்தான் செல்லும், அதுக்குள்ள புது கம்பெனில குடுத்துடணும். தமிழ்நாட்டுக்குள்ளயே மாறினா மூணு வேலை நாள்ல முடிஞ்சுடும். இப்ப இருக்கற கம்பெனில 90 நாள் ஆகியிருக்கணும், வந்த பில் பாக்கி இல்லாம இருக்கணும், இல்லன்னா கோடே வராது. கடைசியா ஒரு பில் வரும் பாருங்க, அத 'அதான் மாறிட்டோமே'ன்னு விட்டுடாதீங்க, கட்டலன்னா பழைய கம்பெனி சொல்லி புது கனெக்ஷனையே நிறுத்த வைக்கலாம். ஆட்டோ டெபிட் போட்டிருந்தா கடைசி பில் போனதும் கேன்சல் பண்ணுங்க. சேரும்போது டெபாசிட் கட்டியிருந்தீங்கன்னா அத குறிப்பிட்ட நாளுக்குள்ள திருப்பித் தரணும்ங்கறது விதி, நெறைய பேரு கேக்கறதே இல்ல.

புது சிம் போட்டதும் யுபிஐ ஆப் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பர சரிபாக்கும், அதனால எஸ்எம்எஸ் இல்லாத பிளானா பாத்து மொத ரீசார்ஜ் போட்டுடாதீங்க.

கேள்வி: அப்பா ஊர்ல தனியா இருக்கார், ப்ரீபெய்டுன்னா ரீசார்ஜ் பண்ண மறந்துடுவாரே?
- சென்னைலேந்து ஒருத்தர்

பதில்: அவர் எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும், நீங்க இங்கேந்தே போட்டு விடலாமே. வருஷ பிளானா போட்டு, முடியற தேதிய உங்க போன் காலண்டர்ல ஒரு வாரம் முன்னாடியே அலாரமா வெச்சுடுங்க. போஸ்ட்பெய்டுல மறந்தா அபராதத்தோட போயிடும், இதுல மறந்தா இன்கமிங்கும் நின்னு பென்ஷன் அக்கவுண்ட் ஓடிபியும் வராது, ரொம்ப நாள் அப்படியே கெடந்தா அந்த நம்பர வேற ஆளுக்கே குடுத்துடுவாங்க.