வேளாண் பட்டம் கையில், வேலை கால் சென்டரில்: என் பதில்

பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு பெங்களூரு கே.ஆர்.புரத்தில் தங்கி கால் சென்டருக்குப் போகிறேன், விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணிக்குத் திரும்ப வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு.

முதலில் மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டத்தைப் பாருங்கள். வேளாண் பட்டதாரிகள் சொந்தமாகத் தொழில் தொடங்க உதவும் திட்டம் இது. 2002இல் வந்தது, பயிற்சிப் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்துடையது. 45 நாள், தங்கிப் படிக்கணும், கட்டணம் கிடையாது. முடித்தபின் தொழில் தொடங்க வங்கிக் கடன் எடுத்தால் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 44. ஆனால் இது சொந்தமாக ஆலோசனை மையம் நடத்த நினைப்பவர்களுக்கானது. மாதச் சம்பளம்தான் குறி என்றால் இதற்காக வேலையை விடாதீர்கள்.

சம்பளத்தோடு சீக்கிரம் பொறுப்பும் வேண்டுமென்றால் விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைத் தேடுங்கள். சின்ன வயதுக்காரர்களையே அங்கே தலைமை நிர்வாகியாகப் பார்க்கலாம். விதை, உரம் வாங்குவது முதல் விளைச்சலை விற்பது வரை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், அது வேறு கதை.

அப்புறம், கன்னடம். கர்நாடக வேளாண் துறையின் விவசாயி தொடர்பு மையமான ரைத்த சம்பர்க்க கேந்திரத்துக்கு வரும் விவசாயி, பிளாஸ்டிக் கவரிலிருந்து புள்ளி விழுந்த தக்காளி இலையை எடுத்து நீட்டி 'இதேனு ரோக?' (இது என்ன நோய்?) என்பார். அங்கே ஆங்கிலம் செல்லாது. நவம்பர் வாக்கில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சி நடக்கும். அரங்குகளில் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் கன்னடம் எந்த அளவில் இருக்கிறதென்று தெரிந்துவிடும்.