மலைப் பள்ளியும் பெற்றோரும்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கேள்வி பதில்

கல்வராயன் மலையிலும் பிறகு ஜவ்வாது மலையிலுமாக, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. பெற்றோரைப் பற்றி வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, ஜவ்வாது மலை: பெற்றோர் கூட்டத்துக்கு 62 பேரை அழைத்தோம். வந்தது 5 பேர். இவர்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லையா, ஐயா?

அக்கறை இல்லாதவர் ஆறு வயதுப் பிள்ளையை ஒரு தகரப் பெட்டியோடு விடுதியில் விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து போவாரா, அம்மா? கூட்டம் எந்தக் கிழமை வைத்தீர்கள், எத்தனை மணிக்கு? வேலை நாளில் காலை 11 மணி என்றுதான் இருக்கும். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் வைத்தேன். சாமை அறுப்பு நடக்கிற நாளில் ஒருவர் வரவேண்டுமானால் அன்றைய வேலை போகும், பஸ்ஸுக்குக் காசு போகும். வந்த பிறகு பெஞ்சில் உட்காரவைத்து, 'உங்கள் பையன் கணக்கில் மோசம்' என்று நாலு பேர் முன்னால் சொல்வோம். அடுத்த முறை யார் வருவார்கள்?

இரண்டாம் ஆண்டு கூட்டத்தைச் சந்தை நாளுக்கு மாற்றினேன். சந்தை ஓரத்துப் புளியமரத்தடியில் ஒரு பாயைப் போட்டு, வருகைப் பதிவேட்டையும் பிள்ளைகளின் நோட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பும் கருவாடும் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஓர் அம்மாவிடம் மதிப்பெண் அட்டையைக் கொடுத்தேன். இரண்டாக மடித்து, ரேஷன் அட்டை வைத்திருந்த பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "புள்ள வயிறார சாப்பிடுறானா சார்?" நான் தமிழ் 54, கணக்கு 38 என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அன்றிலிருந்து எந்தப் பெற்றோரிடமும் முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், பிறகு யாரோடு விளையாடுகிறான், அதன் பிறகுதான் பாடம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. சந்திப்பது ஆசிரியரின் கடமை. பள்ளிக் கட்டடத்துக்குள்தான் சந்திக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, கல்வராயன் மலை: நான் எட்டாவது வரை படித்தவள். என்னைத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். மாதாமாதம் நோட்டை நீட்டி 'இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா' என்கிறார்கள். அவ்வளவுதான் வேலையா?

இல்லை. நோட்டை நீட்டினால் உடனே பேனாவை வாங்காதீர்கள். 'என்ன எழுதியிருக்கிறது, சத்தமாக வாசியுங்கள்' என்று சொல்லுங்கள். நீங்கள் எட்டாவது படித்தவர், நீங்களே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மற்றத் தாய்மார்களுக்கும் காதில் விழட்டும். வாசிக்கும்போதே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். 'குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது' என்று இருந்தால், தொட்டி எங்கே, வாருங்கள் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்து நடங்கள்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், அரசிடமிருந்து வரும் பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. 22-ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் குழுதான். பல பள்ளிகளில் அதைத் தலைமையாசிரியர் ஒரு ராத்திரியில் தனியாக எழுதி முடித்துவிடுவார். நானே இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன், மறைப்பானேன்! மூன்றாவது முறை தாய்மார்களைக் கேட்டேன். வகுப்பறைக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்த இடத்தில், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். பல மாதமாக அந்தப் பக்கம் தினமும் நடந்துகொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

வட்டார வளமையப் பயிற்றுநர்: வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதாதா? இப்போது எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறதே.

போன் இருக்கிறது. சிக்னல் ஊருக்கு மேலே ஒரு பாறையில் இருக்கிறது. சாயங்காலம் இளைஞர்கள் அந்தப் பாறையில் ஏறி நிற்பார்கள். நீங்கள் அனுப்பிய நீளமான சுற்றறிக்கையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதையே குரல் பதிவாக அனுப்புங்கள், அரை நிமிடத்துக்குள். ஆசிரியர் குரலைவிடப் பிள்ளையின் குரல் நல்லது. 'நான் மூணாங்கிளாஸ் சின்னசாமி. வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, கூட்டிட்டுப் போக வாங்க' என்று ஒரு பையன் பேசினால், பாறையிலிருந்து இறங்கி வருகிறவன் அதை ஊரெல்லாம் போட்டுக்காட்டுவான்.

அதோடு பழைய வழிகளை விட்டுவிடாதீர்கள். மலைக்கு வந்துபோகும் பஸ்ஸின் நடத்துநர், ரேஷன் கடைக்காரர், கடுக்காய் எடை போடுகிற லேம்ப் சங்கத்து (மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவுச் சங்கம்) ஆள், அங்கன்வாடி அம்மா என்று சேதி போகிற தடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இந்த வழியில் பொதுச் சேதி மட்டும்தான் போக வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை நடத்துநர் வாயில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பெற்றோர் ஒருவர் (மகனை விட்டு எழுதச் சொன்னதாக எழுதியிருக்கிறார்): எனக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

அண்ணே, மகனைக் கூப்பிட்டுப் பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடதடவென்று ஓடுகிறதா, திக்கித் திணறுகிறதா என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. திணறினால் அடிக்காதீர்கள், நேராக வகுப்பு ஆசிரியரிடம் போய், 'இந்தப் பக்கத்தைப் படிக்கத் திணறுகிறான், என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். ஆசிரியர் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும். அடுத்த மாதம் அதே பக்கத்தைக் கொண்டுபோய்த் திரும்பவும் கேளுங்கள்.

விடுதிக் காப்பாளர்: பிள்ளைக்கு உடம்புக்கு முடியாவிட்டால் உடனே பெற்றோருக்குச் சொன்னால் பதறி ஓடிவந்து அழைத்துப் போய்விடுகிறார்கள். குணமான பிறகு சொன்னால் என்ன?

இதற்கு என் தவறையே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்கு யாரோ மூலம் தெரிந்து, பதினோரு கிலோமீட்டர் இருட்டில் நடந்து வந்தார். பையன் அதற்குள் எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவர் சத்தம் போடவில்லை. பையனின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரத்துக்குள் அதே ஊரிலிருந்து இன்னும் நான்கு பிள்ளைகள் போய்விட்டார்கள். திரும்ப அழைத்துவர எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு பெண் வரவேயில்லை.

அன்றே சொல்லுங்கள். என்ன காய்ச்சல், எந்த மருத்துவர் பார்த்தார், என்ன மாத்திரை, இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். பிள்ளையையே இரண்டு வார்த்தை பேசவையுங்கள். பெற்றோர் வந்தால் தங்க இடம் கொடுங்கள். பாதிப் பேர் பிள்ளையை அழைத்துப் போவது, ராத்திரி பக்கத்தில் இருக்க விடமாட்டீர்கள் என்பதால்தான்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ பழங்குடியினரின் ரஃப் ராக் என்ற ஊரில், 1966-இல் ஒரு பள்ளியை நவஹோ மக்களே தேர்ந்தெடுத்த குழு நடத்தத் தொடங்கியது. குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். அங்கே பெற்றோர் முறைவைத்து விடுதியில் வந்து தங்கி, சம்பளத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி கதை சொன்னார்கள். நம் விடுதிகளில் ஒரு பாட்டிக்கு ஒரு பாய் போட இடம் இல்லாமலா போய்விட்டது?

தன்னார்வலர், கூடலூர்: பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வேறு மொழி. பெற்றோரிடம் பேசும்போது பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். சரியா?

சரியில்லை. 'இவன் நேற்று ஓடிப்போய்விட்டான்' என்பதை அவனே எப்படி மொழிபெயர்ப்பான்? 'நான் நன்றாகப் படிக்கிறேன் என்று சார் சொல்கிறார்' என்பான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். அதே சமூகத்தில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண்ணைக் கேளுங்கள். முடிந்தால் அதற்கு ஒரு சின்ன ஊதியமும் கொடுங்கள். கூடலூரிலேயே வித்யோதயா பள்ளி இருக்கிறது. ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கிற அந்தப் பள்ளியில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை மாதம் ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, தேன் எடுப்பதைப் பற்றியோ கிழங்கு தோண்டுவதைப் பற்றியோ அவர் மொழியிலேயே பேசச் சொல்லுங்கள். அன்று பிள்ளைகள் ஆசிரியருக்கு மொழிபெயர்க்கட்டும், அது நல்ல மொழிபெயர்ப்பு.

தலைமையாசிரியர், சேலம் மாவட்டம்: பொங்கலுக்குப் போன பிள்ளைகளில் கால்வாசிப் பேர் திரும்பவில்லை. விசாரித்தால் குடும்பத்தோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விட்டார்கள் என்கிறார்கள்.

பொங்கலுக்குப் பிறகு விசாரிக்கிறீர்கள். ஐப்பசியிலேயே கேட்டிருக்க வேண்டும். காப்பிப் பழம் எப்போது பழுக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். முன்பணம் கொடுத்து எஸ்டேட் வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி எப்போது வருவார் என்பதும் தெரியும். ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்தக் குடும்பம், எந்த மேஸ்திரி, அவர் போன் எண், எந்த எஸ்டேட், எந்த மாதம் திரும்புவார்கள், பிள்ளை இங்கே இருந்தால் யார் பொறுப்பு. நான் மேஸ்திரியிடமே பேசியிருக்கிறேன். அவர் ஒன்றும் பூதம் இல்லை. 'ஐயா, ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு வரச்சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் சில சமயம் கேட்பார். பின்னால் தங்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்டேட்டில் இருக்கும் அம்மாவோடு போனில் பேச வழி செய்யுங்கள். அந்த ஐந்து நிமிடம் தவறினால் மறுநாள் பிள்ளை விடுதியில் இருக்காது.

கல்லூரி மாணவி: பெசா சட்டப்படி கிராம சபை பள்ளியைக் கேள்வி கேட்கலாமா?

அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கிற சட்டம் அது. அப்படிப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே 1996-இன் பெசா சட்டம் நம் மலைகளுக்குப் பொருந்தாது. ஆனால் சாதாரண கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்றால் அங்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்: பன்னிரண்டாவது முடித்த பிறகு சாதிச் சான்றிதழ் இல்லை என்று கல்லூரிச் சேர்க்கைக்கு ஓடுகிறார்கள். பெற்றோருக்கு எப்படி முன்கூட்டியே புரியவைப்பது?

ஆறாம் வகுப்பில் சேரும்போதே. பழங்குடியினர் சான்றிதழைக் கொடுப்பது வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர்; விசாரணைக்கு நாள் பிடிக்கும். மலைக்கு வெளியே இருக்கிற அலுவலகத்துக்குத் தகப்பன் தனியாக நாலு முறை அலையாமல், பத்துக் குடும்பங்களைச் சேர்த்து ஒரே நாளில் ஓர் ஆசிரியர் அழைத்துப் போகலாம். அப்பா, சித்தப்பா யாரிடமாவது பழைய சான்றிதழ் இருந்தால் நகல் எடுத்துப் பள்ளியிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். குடிசையில் மழை ஒழுகும். பீரோ பள்ளியில்தான் இருக்கிறது.

முதலில் கேட்ட அதே ஆசிரியை: வரும் சனிக்கிழமை முதல்முறையாக ஊருக்குப் போகிறேன். என்ன கொண்டுபோவது?

பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டுபோங்கள், புகார் ஒன்றும் வேண்டாம். முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய் வந்த காரியத்தைச் சொல்லுங்கள். பிறகு எந்த வீட்டையும் விடாமல் போங்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது பல வருஷம் பேசப்படும். களி கொடுத்தால் சாப்பிடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை தவறவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறேன். ராத்திரி கரடி வரும் என்று சொல்லி என்னைத் தூங்கவிடவில்லை. வந்தது அவர்கள் வீட்டு ஆடு.